ஒரு நூல் பின்னுக்கு

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்புறமாகப் போகிற ஒழுங்கை ஒன்றில் மர்ஸூக் ஹாஜியாரின் கராஜ் இருக்கிறது. முன்பாதியில் ஊரிலுள்ள வான்களும் ஓட்டோக்களும் வயிற்றைத் திறந்து கிடக்கும். பின்பாதியில், இரும்புக் கதவுக்கு அப்பால், ஹாஜியாரின் பந்தயக் கார் தனி மின்விசிறியோடு சீமாட்டி போல நிற்கும். பெற்ற பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காத சாமானெல்லாம் அந்தக் காருக்கு வாங்கிக் கொடுத்தவர் ஹாஜியார். அதனால் அது தோற்கத் தொடங்கியபோது அவர் வீட்டில் ஒருவருக்கும் பெரிய துக்கம் வரவில்லை.

தொழில்நுட்பப் பொறுப்பு ஜீவராஜ் என்பவரிடம் இருந்தவரையில் அந்தக் கார் முதல் மூன்று இடங்களை விட்டு இறங்கியதில்லை. அவர் போனார். கார் எட்டாவதாக வந்தது. அடுத்த பந்தயத்தில் பாதியிலேயே நின்றது. ஜீவராஜ் செத்துப்போனார் என்று நினைத்துவிட வேண்டாம். டோஹாவில் பெரியதொரு கராஜுக்கு மேலாளராக இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ஒரு பெரிய தட்டில் சோறும் ஆட்டிறைச்சியும் வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார். செத்தவர் என்றால் சாந்தி செய்யலாம், பூசை ஒப்புக்கொடுக்கலாம், பாத்திஹா ஓதலாம். ஆட்டிறைச்சியோடு படம் போடுகிற மனிதரின் ஆவியை எவர் வந்து ஓட்டுவது?

அவருடைய இடத்துக்கு வந்தவள் சாம்பவி. மொறட்டுவையில் பொறியியல் படித்து, மலேசியாவில் ஒரு பந்தயக் குழுவில் வேலை பார்த்துவிட்டு, அம்மா கனகேஸ்வரிக்கு மூட்டு வருத்தம் என்று வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். ஜீவராஜை அவள் ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. ஆனால் காரை ஓட்டுகிற கிஷாந்த் அவளுடைய ஒரே தம்பி.

"அவனை ஓட வேண்டாமெண்டு தலைகீழா நிண்டு சொன்னனான்," என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். "இனி நீ நிக்கிறாய் எண்டதாலதான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறன். அவனுக்கு ஒண்டெண்டா ஹாஜியாரிட்டப் போய்க் கேக்கமாட்டன். உன்னட்டத்தான் கேப்பன்."

சொல்லிவிட்டு அம்மா சுண்டலுக்குத் தேங்காய் சொட்டுப் போடப் போய்விட்டாள். சாம்பவிக்குத்தான் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

வந்த கையோடு அவள் பலவற்றை மாற்றினாள். சுருள்வில்லுகளை மாற்றினாள், டயர்க் காற்றின் அளவை மாற்றினாள். சில்லு நட்டுகளை இறுக்குவதற்குப் புதிய டோர்க் ரெஞ்ச் ஒன்று வரவழைத்தாள். குறித்த அளவுக்கு இறுகியதும் 'கிளிக்' என்று சொல்லிக் கையை நிறுத்துகிற சாவி அது. ரேடியோவில் பேசுகிற முறையையும் மாற்றினாள். ஓட்டத்தின் நடுவே ஓட்டுநரைக் கூடாரத்துக்குத் திரும்பக் கூப்பிடுவதென்றால் ஜீவராஜ், "தம்பி, வீட்ட வா" என்றுதான் சொல்வாராம். பந்தயம் என்ன, மாலைநேரக் கிரிக்கெட்டா? இனிமேல் 'பொக்ஸ்' என்ற ஒரே சொல்தான் என்று அவள் சட்டம் போட்டாள். கிஷாந்த் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான்.

கணினியில் பார்த்தால் கார் முன்னைவிட வேகமாக ஓட வேண்டும். ஓடவில்லை. களுத்துறைக்குப் பக்கத்தில், கட்டுக்குருந்தப் பந்தயத் தளத்தில் முதல் ஒத்திகை ஓட்டம் முடித்து இறங்கிய கிஷாந்தின் முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, கார் மூச்சு விடுது," என்றான்.

"என்ன கதை இது?"

"வளைவில திருப்பேக்க முன்சில்லு உள்ளுக்கும் வெளியிலும் போய் வருது. உயிருள்ள சாமான் மாதிரி. எனக்கு அதை நம்பி மிதிக்கேலாமக் கிடக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். சில்லு நட்டுகள் தளர்ந்திருந்தன. ஒன்றல்ல, நான்கு சில்லுகளிலும்.

கராஜில் மெக்கானிக்குகள் மூவர். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த ரொனி, வாழைத்தோட்டத்திலிருந்து வருகிற நபீஸ், அதிகம் பேசாத நதா. மூவரும் ஜீவராஜிடம் வேலை பழகியவர்கள். இறுக்கினீர்களா என்று கேட்டால் இறுக்கினோம் என்றார்கள். ஒருவர் இறுக்கியதை மற்றவர் சரிபார்ப்பது அங்கே வழக்கம். அதையும் செய்தோம் என்றார்கள்.

அடுத்த தடவை, மூவரும் இறுக்கி முடித்த பின்னர், சாம்பவி ஒவ்வொரு நட்டிலிருந்தும் சில்லு வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தாள். நட்டு அசைந்தால் கோடு உடையும். திருடனைப் பிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. இரும்புக் கதவைப் பூட்டித் திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தாள். ஒரு கோடும் உடையவில்லை. ரெஞ்சை வைத்துப் பார்த்தாள். கிளிக் சொல்லாமல் நட்டு தாராளமாக உள்ளே போனது.

யாரும் தொடவில்லை. ஆனால் தளர்ந்திருந்தது. எல்லாவற்றையும் தானே இறுக்கிவிட்டு வேறு வேலைக்குப் போனாள். பின்னேரம் ரொனியை விட்டுப் பார்க்கச் சொன்னால், "மிஸ், மறுபடியும் லூசா இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகு கராஜில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ரொனி கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து நாலு சில்லுக்கும் தெளித்தான். நபீஸ் வேலை தொடங்குமுன் உதட்டுக்குள் ஏதோ ஓதினான். நதா மட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தனியாக அந்தக் காரோடு நிற்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போனான். ஹாஜியார் வந்து, "என்ன இது, வாகனக் கராஜா, மந்திரக் கடையா?" என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டு அவரும் காரைத் தொடாமலே திரும்பிப் போனார்.

வீட்டிலும் சில்லறை எரிச்சல்கள். குளியலறைப் பைப் சொட்டுகிறது, சீனி டின்னின் மூடி சரியாகப் பூட்டாமல் எறும்பு ஏறியிருக்கிறது என்று அம்மா கிஷாந்தைத் திட்டிக்கொண்டேயிருந்தாள். "ஒண்டையும் முழுசாச் செய்து முடிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை," என்பாள். இன்னும் திருந்தாத பயல் என்று சாம்பவியும் நினைத்துக்கொண்டாள்.

பந்தயத்துக்கு முந்திய வாரம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ரொனி இறுக்கும்போது பின்னால் நின்று கையை மட்டும் பார்ப்பது.

பட்டப் பகல். வெளியே ஓட்டோக்காரன் ஒருவன் சிங்களத்தில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். ரொனி குந்தியிருந்து ரெஞ்சை நட்டில் மாட்டி இழுத்தான். கிளிக் கேட்டது. அதோடு வேலை முடிந்தது. ஆனால் கை முடிக்கவில்லை. ரெஞ்சின் பக்கத்தை மாற்றி, மிக மெதுவாக, நூலளவு பின்னுக்கு விட்டது. பிறகு விரல் முட்டியால் டயரில் இரண்டு தட்டுத் தட்டியது. அடுத்த நட்டுக்குப் போனது.

"ரொனி அண்ணை, ஏன் பின்னுக்கு விட்டனீங்கள்?"

ரொனி திரும்பிப் பார்த்தான். "என்ன மிஸ்?"

"கிளிக் விழுந்த பிறகு ஒரு நூல் பின்னுக்கு எடுத்தீங்கள்."

"நான் எடுக்கலயே."

அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிற முகத்தை அவள் அறிவாள். தம்பியோடு வளர்ந்தவள் அவள். நபீஸைக் கூப்பிட்டு இறுக்கச் சொன்னாள். கிளிக். ஒரு நூல் பின்னுக்கு. இரண்டு தட்டு. நதாவும் அப்படியே. மூன்று பேருடைய கைகளும் தடிப்பிலும் நிறத்திலும் வேறு வேறு. அசைவு மட்டும் ஒன்று. ஒரே ஆள் மூன்று கையுறைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது போல இருந்தது.

அவள் கைபேசியில் படம் பிடித்துக் காட்டினாள். ரொனி தன்னுடைய மோதிரத்தைத் தன்னுடைய விரலில் பார்த்தான். அந்த விரல் செய்வதைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

"அல்லாஹ் மேல சத்தியமா மிஸ், எனக்குத் தெரியவே தெரியா," என்றான் நபீஸ். "இது ஜீவா அண்ணைட கை."

அதைச் சொன்ன பிறகு அவன் தன் வலது கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டேயிருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது.

சாம்பவி டோஹாவுக்கு அழைப்பு எடுத்தாள். ஜீவராஜின் குரல் சிரித்தபடியே வந்தது.

"ஆர், கிஷாந்தின்ர அக்காவோ? சொல்லுங்கோ தங்கச்சி."

அவள் சொன்னாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்ர பழைய ரெஞ்ச் பிந்தித்தான் கிளிக் அடிக்கும். அளவுக்கு மிஞ்சி இறுக்கிப்போடும். ஒருக்கா போல்டே முறிஞ்சது. ஆனா என்ர கைக்குப் பழகின சாவி, மாத்த மனம் வரேல்ல. அதாலதான் கிளிக் விழுந்தாப் பிறகு ஒரு நூல் பின்னுக்கு விடச் சொன்னனான். ஏனெண்டு நான் சொல்லேல்லையோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்," என்றார் அவர். சாம்பவிக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. தன் சாவியின் கோணலுக்கு மூன்று பேரின் கைகளை வளைத்து வைத்துவிட்டு, சாவியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிய மனிதர் இவர். கைகளை நிமிர்த்திவிட்டுப் போகத் தோன்றவில்லை.

"உங்கட கையும் இன்னும் அப்பிடித்தான் போகுதோ?" என்று கேட்டாள்.

"வந்த புதுசில போனது. இஞ்ச எல்லாம் புதுச் சாவியள், கஷ்டப்பட்டனான். பிறகு ஒரு நாள் பாத்தா அது இல்லை. கழண்டு விழுந்த மாதிரி."

"எப்ப நிண்டது?"

"நீங்கள் அங்க சேர்ந்த மாதமாத்தான் இருக்கும்." சும்மா சொன்னேன் என்பது போல அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "தங்கச்சி, சில்லுகளைக் கவனமாப் பாருங்கோ," என்றார்.

காரணம் தெரிந்ததும் பயம் போய்விடும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சாம்பவியும் படித்தவள்தான். அவளுக்குப் போகவில்லை. சொல்லிக் கொடுத்தால் மாறும் என்று நினைத்து மூவருக்கும் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் தலையாட்டினார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்கள். பார்க்கும்வரை கை நின்றது. ஒரு கண் அப்பால் போனதும் அது தன் வேலையைச் செய்தது.

ஆகவே அவள் இரண்டாவது முடிவுக்கு வந்தாள். பந்தய நாளில் இந்த மூவரும் நட்டுகளைத் தொடக்கூடாது. ஜீவராஜிடம் வேலை பழகாத கை அங்கே ஒன்றுதான் இருந்தது. அது அவளுடைய கை.

பந்தய நாள் காலையில் அவள் வெள்ளவத்தை வீட்டிலிருந்து வெளிக்கிட்டாள். கிஷாந்த் முந்தைய நாளே களுத்துறைக்குப் போய்விட்டான். அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, அவளுடைய நெற்றியில் திருநீறு பூசி, தம்பிக்கென்று ஒரு பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தாள். சொல்ல வேண்டியதை முன்பே சொல்லியாயிற்று.

கட்டுக்குருந்தவில் வெயில் தாருக்கு மேலே நெளிந்துகொண்டிருந்தது. பழைய விமானத் தளம் அது. நிழலென்று சொல்லக் கூடாரத் துணிதான். சாம்பவி தானே குந்தியிருந்து நான்கு சில்லுகளையும் இறுக்கினாள். ஒவ்வொரு கிளிக்கும் அவளுக்குத் தேன் போல இனித்தது. பிறகு ஒரு சுற்று வந்து தானே சரிபார்த்தாள். ரொனியும் நபீஸும் நதாவும் பக்கத்தில் நின்று அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கண்ணுக்கு அதில் எதுவும் பிசகாகப் படவில்லை.

கிஷாந்த் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையுறைக்குள் செருகிக்கொண்டான். "இண்டைக்கு மூச்சு விடாதெல்லே?" என்றான்.

"விடாது. நான் இறுக்கினது," என்றாள் அவள்.

பச்சை வெளிச்சம் விழுந்தது. கிஷாந்த் இரண்டாவதாகப் போனான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு முன்னால் ஒரே ஒரு கார். ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். சாம்பவி ஹெட்செட்டை ஒரு காதிலும் மறுகாதில் விரலையும் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. அம்மா. பந்தய நேரத்தில் அம்மா அழைப்பதில்லை. பயத்தோடு எடுத்தாள்.

"எடி, விடியக் குளிச்சுப்போட்டுப் பைப்பைப் பூட்டாமலோ போனனீ? மேல் டாங்கி காலி. தண்ணி விறாந்தைக்கு வந்து, கீழ் வீட்டுப் பொம்பிளை சண்டைக்கு நிக்கிறா."

"நான் பூட்டினனான் அம்மா. கிஷாந்த் ஆக்கும். பிறகு எடுக்கிறன்."

"அவன் வீட்டிலயே இல்லையே! நான் வாளித் தண்ணியில குளிக்கிறனான், அந்தப் பைப்பைத் தொடுறேல்ல. நீ பூட்டின சத்தமும் எனக்குக் கேட்டது. பூட்டிப்போட்டுச் சுவரில ரெண்டு தட்டுத் தட்டினாய். கொஞ்ச நாளாவே கேக்கிறன். என்னடி அது புதுப் பழக்கம்?"

சாம்பவி தன்னுடைய வலது கையைப் பார்த்தாள். கை சாதுவாகத்தான் இருந்தது. கிரீஸ் பிடித்த நகங்கள். சின்ன வயதில் கதவில் நசிந்த பெருவிரல். அவளுடைய கைதான். காலையில் காருக்கு அவள் செய்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கிளிக் கேட்டது. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு டயர் சூடாக இருந்தது நினைவிருந்தது. விரல் முட்டியில் அந்தச் சூடு. தட்டாமல் எப்படிச் சூடு தெரிந்திருக்கும்?

கைபேசி கீழே விழுந்தது.

"கிஷாந்த், பொக்ஸ்," என்றாள் ரேடியோவில். "பொக்ஸ், பொக்ஸ்."

"விசரோ அக்கா? முன்னால ஒருத்தன்தான். அடுத்த வளைவில பிடிச்சிடுவன்."

"சில்லு லூஸ். வா."

"நீதானே இறுக்கினது!"

"அதுதான் சொல்லுறன், வா!"

"கொஞ்சம் ஆடுதுதான். பரவாயில்லை, சமாளிப்பன். அக்கா, இண்டைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத."

அவன் வரமாட்டான். அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அக்காவின் சொல்லுக்கு அவன் தர்க்கம் பண்ணித்தான் பழக்கம். தூரத்தில், நீண்ட நேர்ப்பாதையின் கோடியில், கார் வளைவுக்குத் திரும்புவது தெரிந்தது. அம்மா வாசலில் நின்று அவளிடம் கேட்கப்போகிற கேள்வி காதில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, வீட்ட வா."

எதிர்ப்பேச்சே வரவில்லை. ரேடியோவில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கார் வேகம் குறைந்தது. வளைவை மெதுவாக எடுத்து, ஓரத்துக்கு ஒதுங்கி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை போல ஒழுங்காக உள்ளே வந்தது.

ரொனி முன்சில்லின் நட்டில் விரலை வைத்தான். சாவி தேவைப்படவில்லை. நட்டு விரலோடு சுழன்று அவனுடைய உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் சில்லு தனிவழி போயிருக்கும். ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சாம்பவி தார்த் தரையிலேயே இருந்துவிட்டாள். வெட்கமில்லாமல் அழுதாள்.

கிஷாந்த் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். அவனுடைய கண்கள் அவளைத் தாண்டிக் கூடாரத்துக்குள் யாரையோ தேடின.

"ஜீவா அண்ணை எப்ப வந்தவர்?" என்றான்.

"ஒருத்தரும் வரேல்ல. நான்தான் சொன்னனான்."

"சும்மா விடு அக்கா. உன்ர குரல் எனக்குத் தெரியாதோ? நீ கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்கமாட்டன். அவர் சொன்னதும் கால் தானா பிரேக்கில போயிட்டுது."

காருக்குள் இருந்த கமெராவில் ரேடியோ ஒலியும் பதிவாகியிருக்கும். அதைப் போட்டுக் கேட்டால் யாருடைய குரல் என்று தெரிந்துவிடும். நபீஸ் அதைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினான். சாம்பவி வாங்கி, கேட்காமலே அழித்தாள். அவளைக் கோழை என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாளிலிருந்து கராஜில் ஒரு புது முறை வந்தது. நட்டு இறுக்குவதென்றால் இரண்டு பேர். ஒருவர் இறுக்க, கிளிக் விழுந்ததும் மற்றவர் அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாவியை நட்டிலிருந்து எடுக்கும்வரை விடக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்குப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் சிரிப்பதில்லை.

ஆனால் பந்தயம் நடந்த அன்று பின்னேரம் அந்த முறையை முதலில் கண்டுபிடித்தவள் அம்மா கனகேஸ்வரி. வெள்ளவத்தை வீட்டில், ஈரம் துடைத்த குளியலறையில், சாம்பவி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய் யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அம்மா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "பூட்டு பாப்பம்," என்றாள்.

சாம்பவி பைப்பைப் பூட்டினாள். தண்ணீர் நின்றது. அம்மா தன்னுடைய நோகிற விரல்களால் மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பிடிக்குள், சாம்பவி கேட்காமலே, கை ஒரு நூல் பின்னுக்கு இழுத்தது.

அம்மாவின் முகம் மாறியது. ஆனால் அவள் பிடியை விடவில்லை.

"என்ர பிள்ளையை விடு," என்றாள் அம்மா, அந்தக் கையைப் பார்த்து.